திடீர் மரணத்தின் கணக்கு

கி.பி. 1705ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே உரோமாபுரி நகரத்தை ஓர் அச்சம் பற்றிக்கொண்டது. பகைவர் எவரும் நகரை முற்றுகையிடவில்லை, கொள்ளைநோயும் பரவவில்லை. ஆயினும், காலையில் நலமுடன் நடமாடியவர் மாலையில் பிணமாயினர் என்னும் செய்தி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. உண்டுகொண்டிருந்தவர் சாய்ந்தார், தெருவில் நின்று உரையாடியவர் வீழ்ந்தார், உறங்கச் சென்றவர் விழிக்கவில்லை. 1703ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிலநடுக்கங் கண்டு நடுங்கிய நகரம் அது. இறைவனின் சினம் இன்னும் தணியவில்லையோ என்று மக்கள் அஞ்சினர். கத்தோலிக்க சமயத்தவருக்குத் திடீர் மரணம் ஏனைய மரணங்களினும் கொடியதாகத் தோன்றியது. பாவசங்கீர்த்தனஞ் செய்து, குருவானவர் கையால் அவஸ்தைப்பூசுதல் பெற்று, ஆயத்தத்தோடு உயிர்நீத்தலே நல்ல மரணம் என்று நம்பியவர்கள் அவர்கள். ஆயத்தத்திற்கு இடங்கொடாத மரணத்தை அவர்கள் ஒரு தண்டனையாகவே எண்ணினர்.

அந்நாளிற் பாப்பரசராக விளங்கியவர் பதினோராம் கிளமெந்து. அவர் மக்களைச் செபிக்குமாறு ஏவியதோடு அமையவில்லை. தம்முடைய வைத்தியரான யொவானி மரியா லான்சீசி என்பாரை அழைத்து, இம்மரணங்களுக்குக் காரணம் யாதென ஆராயுமாறு பணித்தார். லான்சீசி கற்றறிந்த மருத்துவப் பேராசிரியர். திடீரென இறந்தோரின் உடல்களை அறுத்து உள்ளுறுப்புக்களைச் சோதித்தார். இறந்தவர் வாழ்ந்த முறையையும் இறப்பதற்கு முன்னர் அவரிடங் காணப்பட்ட குறிகளையும் கேட்டறிந்தார். அவர் கண்ட உண்மைகள் 1707ஆம் ஆண்டில் திடீர் மரணங்கள் பற்றிய ஓர் இலத்தீன் நூலாக வெளிவந்தன. சிலருடைய இதயம் பருத்து விரிந்திருந்தது. சிலருடைய மூளையில் குருதி கசிந்திருந்தது. மாண்டவர்களைக் கொன்றது மாயமுமன்று, நஞ்சுமன்று. உடலுக்குள் நெடுநாள் ஒளிந்திருந்த நோய்களே அவர்களைக் கொன்றன என்பது அவர் கண்ட முடிபு. நகரத்தின் அச்சம் தணிந்தது.

லான்சீசி ஒரு வினாவிற்கு விடை கூறினார். இம்மக்கள் ஏன் இறந்தனர் என்பது அவ்வினா. ஆனால் இன்னொரு வினா எஞ்சியிருந்தது. இவ்வாறு இறப்போர் எத்துணைப் பேர்? ஓர் ஊரில், ஓர் ஆண்டில், ஆயிரம் பேருள் எத்தனை பேருக்கு இதயம் சடுதியாக நின்றுபோகிறது? இரண்டாம் வினா முதல் வினாவினும் எளியதாகத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் முடிந்துவிடுமன்றோ? ஆயின், அவ்வெண்ணிக்கையை ஓரளவேனும் சரியாக எடுக்க மனித குலத்திற்கு மேலும் மூன்று நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன.

இதற்கு ஒரு காரணம் மனப்பாங்காகும். விதி என்று கொண்டதை எவரும் எண்ணுவதில்லை. தமிழ் மக்களிடையே நிலையாமை பற்றிய சிந்தனை பழமையானது. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டு முற்றத்தில் அமர்ந்திருப்போர், “கிடையிற் கிடவாமற் போய்விட்டார், புண்ணியவான்” என்று கூறி ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வர். அச்சொல்லில் அன்பு உண்டு, ஆறுதலும் உண்டு. ஆனால் அச்சொல்லோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. உரோமாபுரியில் அது தண்டனை. யாழ்ப்பாணத்தில் அது புண்ணியம். இரண்டிடத்திலும் கணக்கு இல்லை.

முதன்முதலில் மரணங்களைக் கணக்கிட்டு அச்சிட்ட நகரங்களுள் இலண்டன் முக்கியமானது. கொள்ளைநோய் வருகிறதா என்பதை அறியும் பொருட்டு, அந்நகரக் கோயிற்பற்றுக்கள் வாரந்தோறும் மரணப் பட்டியல்களை வெளியிட்டன. முதிய பெண்கள் சிலர் இறந்தோர் வீடு சென்று, பிணத்தைப் பார்வையிட்டு, காரணம் இன்னதென்று தெரிவிப்பர். 1632ஆம் ஆண்டுப் பட்டியலில் அடக்கஞ் செய்யப்பட்டோர் தொகை 9,535. அவர்களுள் 62 பேருக்கு நேரே ‘திடீரென்று’ என்னும் ஒரு சொல்லே காரணமாக எழுதப்பட்டிருந்தது. ஜோன் கிராண்ட் என்னும் இலண்டன் வணிகர் இத்தகைய பட்டியல்களை ஒருங்கு சேர்த்து ஆராய்ந்து 1662ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். இறப்பிலும் ஓர் ஒழுங்குண்டு, அவ்வொழுங்கை எண்களாற் காட்டலாம் என்பதை அந்நூல் உலகுக்கு உணர்த்தியது. எனினும், அந்த 62 பேருள் இதயம் நின்றதால் இறந்தோர் எவர், மூளையிற் குருதி கசிந்து இறந்தோர் எவர் என்பதைச் சொல்வார் இல்லை. ‘திடீரென்று’ என்பது இறந்த விதமேயன்றிக் காரணமன்று.

இதயத்தின் மீது ஐயம் கொண்டோர் பண்டைக் காலத்திலும் இருந்தனர். வெளிப்படையான காரணமின்றி அடிக்கடி கடுமையாக மயங்கி வீழ்வோர் திடீரென இறப்பர் என்னும் கருத்து, கிரேக்க நாட்டு இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூலிலே காணப்படுகிறது. ஆயின், தெளிவான முதற் சித்திரத்தைத் தந்தவர் இலண்டன் வைத்தியரான வில்லியம் ஹெபர்டன். நடக்கும்போது, சிறப்பாக உணவருந்தியபின் மேட்டு நிலத்தில் ஏறும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிப்பதும், நின்றவுடன் நீங்கிவிடுவதுமான ஒரு நோயை அவர் 1768ஆம் ஆண்டில் வைத்தியர் சபைமுன் விளக்கினார். இந்நோயாளர் பலர் ஒருநாள் சடுதியில் வீழ்ந்து இறப்பர் என்றும் அவர் கூறினார். 1772ஆம் ஆண்டில் அவ்வுரை அச்சேறியபோது, அதை வாசித்த ஒருவர் தம் பெயரை மறைத்து ஹெபர்டனுக்குக் கடிதம் எழுதினார். அந்நோயின் குறிகள் தம்மிடம் உள்ளன என்றும், தாம் திடீரென இறப்பின் தம்முடலை அறுத்துக் காரணத்தைக் கண்டறியலாம் என்றும் அதில் எழுதியிருந்தார். சில வாரங்களுள் அவர் இறந்தார்.

அவ்வுடலைச் சோதித்தவர் புகழ்பெற்ற அறுவை வைத்தியர் ஜோன் ஹண்டர். உடனிருந்தவர், பிற்காலத்தில் அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்ட எட்வர்ட் ஜென்னர். அவர்கள் பலவற்றையும் பார்த்தனர். ஆனால் இதயத்துக்கே குருதி கொண்டுசெல்லும் முடியுருநாடிகளைத் திறந்து பார்க்கவில்லை. ஆதலால் காரணம் புலப்படவில்லை. காலப்போக்கில் ஹண்டரையே அந்நெஞ்சு நோய் பற்றியது. முடியுருநாடிகள் கெட்டுப்போவதே காரணம் என்று ஜென்னர் இதற்கிடையில் ஊகித்துவிட்டார். ஆயின், ஆசிரியரின் உள்ளம் வருந்துமே என்றெண்ணி அதனை வெளியிடாது அடக்கிக்கொண்டார். தம்மைச் சினமூட்டுகின்ற எந்தக் கயவனின் கையிலும் தம்முயிர் உள்ளது என்று ஹண்டர் கூறுவாராம். 1793ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆந் திகதி, தாம் பணியாற்றிய புனித ஜோர்ஜ் வைத்தியசாலையின் கூட்டமொன்றில் எழுந்த வாக்குவாதத்தின்போது அவர் வீழ்ந்து இறந்தார். உடலைச் சோதித்தபோது முடியுருநாடிகள் எலும்புபோல் இறுகியிருந்தன. மாணவனின் ஊகம் ஆசிரியரின் உடலில் மெய்யாயிற்று.

நாடி அடைபடுவது தெரிந்தது. ஆனால், நாடி அடைபட்டால் ஒரு நொடியில் உயிர் போவானேன்? இதற்கு விடை தந்தவர் ஸ்கொத்லாந்து நாட்டு அபர்டீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் மக்வில்லியம். விலங்குகளின் இதயத்தை ஆராய்ந்த அவர், 1889ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். திடீர் மரணத்தில் இதயம் பெரும்பாலும் சோர்ந்து நின்றுபோவதில்லை. மாறாக, கீழ் அறைகளின் தசைநார்கள் ஒன்றோடொன்று இசையாது தனித்தனியே துடித்து நடுங்குகின்றன என்றார் அவர். ஒரே தாளத்தில் துடுப்பு வலித்தால் ஓடம் முன்னேறும். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வலித்தால் நீர் கலங்குமேயன்றி ஓடம் நகராது. அவ்வாறே நடுங்கும் இதயம் ஓயாது துடித்தும் குருதியை வெளியேற்றுவதில்லை. சில நொடிகளில் நினைவு தப்புகிறது. சில நிமிடங்களில் மூளை கெடுகிறது. அந்நாளில் இதை ஏற்றவர் சிலரே. இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடுகளாக வரையும் கருவியை ஒல்லாந்து நாட்டு ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்கியபின்னரே மக்வில்லியத்தின் கூற்றுக்குச் சான்று பெருகியது.

இனிக் கணக்குக்கு வருவோம். நோயாளர் வைத்தியசாலைக்கு வந்தபின் எண்ணினால், வராமலே மாண்டவர் விடுபடுவர். திடீர் மரணத்தின் இயல்பே வைத்தியசாலைக்கு வர விடாமையாகும். ஆகவே, நலமாக உள்ளோரை முதலில் எழுதிக்கொண்டு, ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து பார்த்தாலன்றி உண்மை விளங்காது. இவ்வரிய முயற்சி 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள பிரமிங்காம் என்னும் சிறு நகரில் தொடங்கியது. 30 வயது முதல் 62 வயது வரையுள்ள 5,209 ஆண் பெண்கள் தம் பெயரைப் பதிவு செய்தனர். ஈராண்டுக்கு ஒருமுறை அவர்கள் சோதிக்கப்பட்டனர். உயர்ந்த குருதியமுக்கம், குருதியில் மிகுந்த கொழுப்பு, புகைத்தல் ஆகியன இதய நோய்க்கு வழிகோலுகின்றன என்று இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். அவ்வறிவின் பெரும்பகுதி அந்நகர மக்கள் அளித்த கொடை.

பிரமிங்காம் ஆய்வு இன்னொன்றையும் காட்டிற்று. முடியுருநாடி நோயால் திடீரென இறந்த ஆண்களுள் ஏறத்தாழ அரைப்பங்கினரும், பெண்களுள் மூன்றில் இரண்டு பங்குக்கு அண்மையானோரும் முன்னர் எவ்வித நோய்க்குறியும் இல்லாதிருந்தோர். அவர்களைப் பொறுத்தவரை நோயின் முதற்குறியே மரணமாக இருந்தது. அந்நகரத்தின் ஏடுகளைக் கொண்டு 2016ஆம் ஆண்டில் மற்றொரு கணக்கும் வெளியாயிற்று. 45 வயதுடைய ஆண்களுள் ஏறக்குறைய 9 பேருக்கு ஒருவரும், அவ்வயதுப் பெண்களுள் ஏறக்குறைய 30 பேருக்கு ஒருவரும் எஞ்சிய வாழ்நாளில் இதயம் திடீரென நின்று இறக்கும் நிலையிலுள்ளனர் என்பது அக்கணக்கு. அரிதென்று எண்ணப்பட்ட மரணம் அரிதன்று என்பது இதனால் விளங்கும்.

எண்ணுமுன் எதை எண்ணுவது என்று வரையறுத்தல் வேண்டும். குறிகள் தோன்றி ஒரு மணி நேரத்துள், பிறர் காண, எதிர்பாராது நிகழும் இறப்பைத் திடீர் இதய மரணம் என்று கொள்வது வழக்கமாயிற்று. காண்பாரின்றி இறந்தவராயின், அதற்கு முந்திய 24 மணி நேரத்துள் அவர் நலமுடன் காணப்பட்டிருத்தல் வேண்டும். வரையறை தெளிவானதே, ஆயினும் அதைக் கையாளும் விதத்தினால் தொகைகள் பெரிதும் மாறுபட்டன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் இவ்வாறு இறப்போர் 180,000 பேர் என்றார் சிலர். 450,000 பேர் என்றார் வேறு சிலர். ஒரே நாட்டின் கணக்கு இரண்டரை மடங்கு வேறுபடுமாயின், எங்கோ பிழையிருத்தல் வேண்டும்.

அப்பிழை எங்கே என்பதை ஓரிகன் மாநிலத்து ஆய்வொன்று காட்டியது. போட்லண்ட் நகரை உள்ளடக்கிய மல்ற்னோமா மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 660,000. 2002ஆம், 2003ஆம் ஆண்டுகளுக்குரிய பன்னிரு மாத காலத்தில் அங்கு நிகழ்ந்த திடீர் மரணங்களை அம்புலன்சு ஊழியர், மரண விசாரணை அதிகாரிகள், வைத்தியசாலைகள் ஆகிய மூவழியாலும் தேடி ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். கிடைத்த தொகை 353; அதாவது 100,000 பேருக்கு 53. அதே மாவட்டத்தில் அதே காலத்துக்குரிய மரண அத்தாட்சிப் பத்திரங்களை மட்டும் எடுத்து எண்ணியபோது வந்த தொகையோ 1,007. அதாவது 100,000 பேருக்கு 153. காகிதம் கூறிய கணக்கு உண்மையிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு. காரணம் தெரியாதவிடத்து ‘இதயம் நின்றது’ என எழுதுவது எழுதுவோனுக்கு எளிது. இறந்தவர் யாவருக்கும் இதயம் நின்றுதானே இருக்கும்!

ஒல்லாந்து நாட்டு மாஸ்திரிக் நகரப் பகுதியில் 1991ஆம் ஆண்டு தொடங்கி நடந்த ஆய்வு வேறொரு முறையில் எண்ணியது. இறந்தோரை மட்டுமன்றி, இதயம் திடீரென நின்று பின்னர் பிழைத்தோரையும் சேர்த்துக்கொண்டது. 20 வயது முதல் 75 வயது வரையுள்ளோருள் ஆண்டுக்கு 1,000 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நிலை நேர்ந்தது. அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பேருக்கு அது நேர்ந்த இடம் அவரவர் வீடு. நூற்றுக்கு 60 பேர் அளவில் வீழ்ந்தபோது அருகிலே ஒருவர் இருந்து கண்டார்.

1,000 பேரில் ஒருவர் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால், 100,000 மக்கள் வாழும் ஒரு பட்டினத்தில், ஓரிகன் கணக்கின்படி வாரத்துக்கு ஒருவரேனும் இவ்வாறு இறப்பர்; ஒல்லாந்துக் கணக்கு வயது வந்தோர்க்கே உரியதாயினும், அதன்படி அத்தொகை மேலும் மிகும்.

பின்னர் 2011ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை சான் பிரான்சிஸ்கோ நகரில் ஓர் ஆய்வு நடைபெற்றது. வரையறைக்கு உட்பட்டனவெனக் கருதப்பட்ட 525 திடீர் மரணங்களில் ஏறக்குறைய எல்லா உடல்களும் அறுத்துச் சோதிக்கப்பட்டன. இதயத்தின் தாளம் தவறியதால் நேர்ந்த மரணங்கள் அவற்றில் நூற்றுக்கு 56 மட்டுமே. எஞ்சியவற்றிற்கு மூளைக் குருதிக் கசிவு, நுரையீரல் நாடியில் அடைப்பு, அளவு மீறிய மருந்து போன்ற வேறு காரணங்கள் இருந்தன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியில் லான்சீசி கையாண்ட முறையும் இதுவே. அவர் கண்ட உண்மையும் இதுவே. வெளியிலிருந்து பார்த்தால் திடீர் மரணம் ஒன்று. உள்ளே பார்த்தால் பல.

இக்கணக்குகளிலிருந்து வியப்பிற்குரிய ஓர் உண்மை பிறந்தது. அதனைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் அமெரிக்க இதய வைத்தியர் ரொபேட் மயர்பேர்க். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கை நோக்கலாம். இதயம் மிகவும் நலிந்த 100 நோயாளர் உள்ளனர். ஓராண்டில் அவர்களில் 20 பேர் திடீரென இறக்கின்றனர் என்று கொள்வோம். நோயற்றவர் எனக் கருதப்படும் 100,000 பேருள் ஆயிரத்துக்கு ஒருவரே இறப்பதாகக் கொள்வோம். அங்கு இறப்போர் 100 பேர். ஆபத்து எங்கே மிகுதி? சிறு கூட்டத்தில். மரணம் எங்கே மிகுதி? பெருங் கூட்டத்தில். சிறு தோட்டத்தில் ஒவ்வொரு மரமும் நிறையக் காய்த்தாலும், பெருந் தோப்பில் மரத்துக்கொரு காய் வீழ்ந்தாலே குவியல் பெரிதாகும். ஆகவே, வைத்தியர் கண்ணில் நோயாளராகத் தென்படுவோரை மட்டும் காத்தால், இம்மரணங்களிற் பெரும்பாலானவற்றைத் தடுத்தல் இயலாது. இறப்போருள் மிகப் பலர் வைத்தியரை நாடாத, நாடவேண்டுமென்று நினைத்தும் பாராத சாதாரண மக்களே.

இளைஞரின் திடீர் மரணம் மிக அரிது. ஆயினும் அது பெருந்துயர் தருவது. டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டு முதல் 2006ஆம் ஆண்டு வரை எடுத்த கணக்கின்படி, 35 வயதுக்கு உட்பட்டோரில் ஆண்டுக்கு 100,000 பேருக்கு 3 பேருக்கும் குறைவானோரே இவ்வாறு இறந்தனர். இவர்களிடம் முடியுருநாடி நோயினும், பிறவியிலேயே அமைந்த இதயக் குறைகள் முதன்மை பெறுகின்றன. இத்தாலியில் விளையாட்டு வீரர்களை முன்னரே சோதிக்க வேண்டுமென்று 1982ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அந்நாட்டு வெனேற்றோ மாகாணத்தில் இளம் வீரரின் திடீர் இதய மரணம் 1979–1980 காலத்தில் ஆண்டுக்கு 100,000 பேருக்கு 3.6 ஆக இருந்தது; 2003–2004 காலத்தில் அது 0.4 ஆகக் குறைந்தது.

ஆசிய நாடுகளிலும் இத்தகைய சோகக் கதைகள் உள. பிலிப்பைன் தீவுகளில் நலமான இளைஞர் உறக்கத்தில் முனகி இறப்பதை ‘பாங்குங்கொட்’ என்றனர். தாய்லாந்தில் ‘லை தை’ என்றனர். கைம்பெண் பேயொன்று ஆடவரைக் கவர்ந்து செல்கிறது என்று தாய்லாந்தின் வடகிழக்குக் கிராமத்தார் நம்பினர். பேயை ஏமாற்றும்பொருட்டு ஆடவர் சிலர் பெண்போல ஒப்பனை செய்து உறங்கினர். 1992ஆம் ஆண்டில் ஸ்பானிய மரபினரான புரூகாடா சகோதரர்கள், இதய மின்வரைவில் ஒரு தனி வடிவம் உடையோர் திடீர் மரணத்திற்கு ஆளாவதை எட்டு நோயாளரைக் கொண்டு விளக்கினர். உறக்கத்தில் நேரும் அம்மரணங்களும் அந்நோயும் ஒன்றே என்பது மரபணு ஆய்வினால் 2002ஆம் ஆண்டில் வலியுறுத்தப்பட்டது. பேய் மறைந்து, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் ஓர் உடற்குறை அவ்விடத்தைப் பெற்றது. குறை இன்னதெனத் தெரிந்தபின், இறந்தவனின் தம்பியைச் சோதித்துக் காக்கலாம். கணக்கும் ஆராய்ச்சியும் வாழ்வோர்க்கு அளிக்கும் பயன் இதுவே.

நடுங்கும் இதயத்தை மீண்டும் தாளத்துக்குக் கொண்டுவருதல் இயலுமா? 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில், அறுவைச் சிகிச்சையின்போது இதயம் நடுங்கத் தொடங்கிய 14 வயதுச் சிறுவன் ஒருவனை, குளோட் பெக் என்னும் வைத்தியர் மின்னதிர்ச்சி கொடுத்துப் பிழைப்பித்தார். ஆயினும், அறுவைக்கூடத்துக்கு வெளியே வீழ்வோர்க்கு அதனாற் பயனில்லை. அடுத்த படி 1960ஆம் ஆண்டில் அமைந்தது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் அறிஞர் வில்லியம் கௌவன்ஹோவன், மாணவர் கை நிக்கபொக்கர், அறுவை வைத்தியர் ஜேம்ஸ் ஜூட் ஆகிய மூவரும் மின்னதிர்ச்சியை ஆராய்ந்து வந்தனர். நாயொன்றின் மார்பில் கருவியை வைத்து அழுத்தியபோதே குருதியமுக்கம் சற்று உயர்வதை நிக்கபொக்கர் கவனித்தார். அச்சிறு கவனிப்பிலிருந்து பெரியதொரு முறை பிறந்தது. மார்பைத் திறவாமலே, இரண்டு கைகளால் நெஞ்சின் நடுவே தாளந் தவறாது அழுத்தினால், நின்ற இதயத்தின் வேலையைச் சிறிது நேரம் கைகள் செய்யும். இம்முறையை எங்கும் எவரும் கையாளலாம் என்று அவர்கள் அறிவித்தனர்.

1966ஆம் ஆண்டில் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் பிராங்க் பான்றிட்ஜ் என்னும் வைத்தியர், மின்னதிர்ச்சிக் கருவியை ஊர்தியில் ஏற்றி நோயாளரின் வீட்டுக்கே அனுப்பினார். அக்கருவியின் எடை ஏறத்தாழ 70 கிலோகிராம். பின்னாளில் அது சில கிலோகிராம் எடையுள்ளதாகச் சுருங்கி, பயிற்சியில்லாதவரும் கையாளத்தக்கதாய் விமான நிலையங்களிலும் புகையிரத நிலையங்களிலும் சுவரில் இடம்பெற்றது. எனினும், ஊர்தி வருமுன் கழியும் நிமிடங்களே உயிரைத் தீர்மானிக்கின்றன. எவரும் கைகொடாது நின்றால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைந்துபோகிறது.

இந்நிமிடங்களை நிரப்ப ஒரு நாடு முயன்றதன் கணக்கும் உண்டு. டென்மார்க்கு 2005ஆம் ஆண்டில் நெஞ்சழுத்தும் முறையைப் பள்ளிப் பாடமாக்கியது. 2006ஆம் ஆண்டில் சாரதி அனுமதிப்பத்திரம் பெறுவோர்க்கும் அதைக் கட்டாயமாக்கியது. 2001ஆம் ஆண்டில், வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்றோருள் நூற்றுக்கு 21 பேருக்கே அருகிலிருந்தோர் நெஞ்சழுத்தி உதவினர். 2010ஆம் ஆண்டில் அத்தொகை நூற்றுக்கு 45 ஆயிற்று. அதே காலத்தில் முப்பது நாள் கடந்தும் உயிரோடிருந்தோர் தொகை நூற்றுக்கு 3.5 இலிருந்து 10.8 ஆக உயர்ந்தது. பிற சிகிச்சைகளும் இதற்குத் துணை புரிந்திருக்கலாம். ஆயினும் பள்ளியிற் கற்ற சிறுவனின் கைகளுக்கும் அதில் ஒரு பங்குண்டு என்பதில் ஐயமில்லை.

ஒல்லாந்து ஆய்வாளர் கண்ட உண்மையை இங்கு மீண்டும் நினைவுகூர்தல் தகும். வீழ்வோரிற் பெரும்பாலார் வீழ்வது வீட்டிலே. காண்போர் மனைவி, மக்கள், உடன்பிறந்தார், அயலார். வைத்தியர் அங்கு இலர். இலங்கையில் 2016ஆம் ஆண்டு தொடங்கிய ‘சுவசெரிய’ இலவச அம்புலன்சு சேவையை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். அழைத்தபின் ஊர்தி வருமளவும், பேச்சு மூச்சின்றிக் கிடப்பவரின் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஓயாது, ஏறக்குறைய இரண்டு அங்குலம் தாழுமாறு அழுத்துதல் அருகிலிருப்போர் செய்யத்தக்க பணி. முகத்தில் நீர் தெளிப்பதிலும், கையில் இரும்பைத் திணிப்பதிலும், யார் வீட்டு வண்டியை எடுப்பதென ஆராய்வதிலும் அந்நிமிடங்கள் கழிந்துபோவதுண்டு.

1705இல் உரோமாபுரி மக்கள் வினவியது, யார் செய்த பாவம் என்பது. லான்சீசி அதனை, எந்த உறுப்பின் நோய் என மாற்றினார். பின்வந்தோர், ஆயிரத்தில் எத்தனை பேர் என்று வினவினர். அக்கணக்கு முடிந்தவிடத்தில் இன்னொரு வினா எழுந்து நிற்கிறது: வீழ்ந்தவருக்கு அருகே இருந்தவர் யார்; அவருக்கு என்ன தெரிந்திருந்தது? நிலையாமை மாறாதது, மனிதர் யாவரும் ஒருநாள் இறப்பர். ஆயின், இன்றைக்கு இறக்க வேண்டாதவர் இன்றைக்கு இறவாதிருத்தல், சில வேளைகளில், அடுத்த அறையில் இருப்பவரின் இரண்டு கைகளில் இருக்கிறது.